நீச்சல் பயிற்சியும் முன்பல் கறையும்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. போட்டிகளுக்காக வாரத்தில் ஆறு நாள், தினமும் இரண்டு மணி நேரம் நீச்சல் பயிற்சி செய்கிறாள். சில மாதங்களாக முன்பற்களில் பழுப்புக் கறை படிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. ஜில்லென்று தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது என்றும் சொல்கிறாள். குளோரின்தான் காரணமா? நீச்சலை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். முதலில் கறையையும் கூச்சத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் குளத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கறை சகஜம். குளத்து நீரில் உள்ள ரசாயனங்கள் உமிழ்நீரின் புரதங்களைச் சிதைப்பதால், அவை பல்லின் மேல் கெட்டியான காரையாக ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் அதிகம் படுவது முன்பற்களில்தான் என்பதால் கறையும் அங்கேதான் விழும். பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்வது) செய்தால் போய்விடும். கரித்தூள், எலுமிச்சைச் சாறு என்று வீட்டில் எதையாவது போட்டுத் தேய்க்காதீர்கள். கறையோடு பல்லின் கடினமான மேலுறையான எனாமலும் தேய்ந்துவிடும். பல்லில் கம்பி போட்டிருந்தால் அதைச் சுற்றிக் காரை சீக்கிரம் சேரும், கூடுதல் கவனம் தேவை.

எனக்குக் கவலை தருவது கூச்சம்தான். அது எனாமல் கரைவதன் அறிகுறியாக இருக்கலாம். எனாமல் கரைந்தால் திரும்ப வளராது. குளத்து நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். அது 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கிவிடும். பிஎச் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், போட்டி நீச்சல் வீரர்கள் பலருக்குப் பல் அரித்தபோது குளத்து நீரைச் சோதித்தார்கள். பிஎச் 2.7 இருந்தது! குளோரின் வாயுவைத் தண்ணீரில் கலந்தால் அமிலம் உண்டாகும். அதற்கு ஈடாகக் காரப்பொருள் சேர்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே குளத்தின் பிஎச் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அது பெற்றோரின் உரிமை. பிஎச் சோதனைப் பட்டை வாங்கி நீங்களே பார்க்கவும் செய்யலாம். அவளோடு பயிற்சி எடுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பல் கூசுகிறதா என்று விசாரியுங்கள். பலருக்கும் கூசினால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான்.

அவளுக்கு மட்டும்தான் என்றால் அவள் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் டிரிங்க்குகள் அமிலத்தன்மை உள்ளவை. பயிற்சி நேரத்தில் வாய் வறண்டிருக்கும், பல்லைக் காக்கும் உமிழ்நீர் குறைவு. அந்த நேரத்தில் ஒவ்வொரு மடக்காக இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல்லுக்கு ஓய்வே கிடைக்காது. வெறும் தண்ணீர் போதும். அந்தப் பானம் அவசியம் என்று கோச் சொன்னால், ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கட்டும்.

குளத்திலிருந்து ஏறியதும் பல் தேய்க்க வேண்டாம். அமிலம் பட்ட எனாமல் சற்று நேரம் இளகி இருக்கும், பிரஷ் பட்டால் தேயும். வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து, ஃப்ளூரைடு பேஸ்ட்டும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு தேய்க்கட்டும்.

அப்புறம், வெளிச்சத்தில் அவள் முன்பற்களின் நுனியைப் பாருங்கள். கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தாலோ, முன்பைவிட மெலிந்து மஞ்சளாகத் தோன்றினாலோ இந்த வாரமே பல் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நீந்துகிறாள், என்ன குடிக்கிறாள் என்பதையும் அவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.