கவரில் வரும் டீ பிள்ளையின் ஜீனை மாற்றுமா?

கேள்வி: எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். எனக்கு இது ஐந்தாம் மாதம். சாயங்காலம் கடையிலிருந்து டீயும் சாம்பாரும் சுடச்சுட பிளாஸ்டிக் கவரில்தான் வருகின்றன. கணவர் வாழைத் தோட்டங்களில் மருந்தடிக்கிறார். பிளாஸ்டிக் ஹார்மோனைக் கெடுத்து, பிள்ளையின் ஜீனையே மாற்றிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நிஜமா டாக்டர்?

பதில்: பாதி நிஜம். இந்த ரசாயனங்கள் ஜீனில் எழுதியிருப்பதைத் திருத்துவதில்லை. எந்த ஜீன் எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதில்தான் கை வைக்கின்றன.

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடினாலும், மடையைத் திறந்தால்தானே வயலுக்குப் பாயும்? செல்லுக்குள் மடை திறக்கிற ஆள், ஏற்பி என்ற புரதம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, டிஎன்ஏவில் தமக்குரிய இடத்தைப் பிடித்து, அங்குள்ள ஜீனை முடுக்கிவிடுகின்றன. சிலவகை பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பினால் ஏ போன்ற ரசாயனம் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வந்து அந்த ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும். பிடி பலவீனம்தான். ஆனாலும் யாரும் கேட்காத நேரத்தில் மடை லேசாகத் திறந்துவிடும். கதிர் முற்றிய வயல் அதைத் தாங்கும், நாற்றங்கால் தாங்காது. வயிற்றுப் பிள்ளை நாற்றங்கால்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த சில பெண் பிள்ளைகளுக்கு, வளர்ந்த பிறகு, பிறப்புறுப்பில் அரிதான புற்றுநோய் வந்தது 1971இல் தெரிந்தது. ஆனால் அது மருந்தளவில் கொடுத்தது. உங்கள் டீயை அதோடு ஒப்பிட முடியாது.

2007இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றும் உண்டு. தாய் எலியின் தீனியில் பிஸ்பினால் ஏ கலந்தபோது, குட்டிகளின் ஒரு ஜீன்மேல் ஒட்டியிருந்து அதை அடக்கி வைக்கும் மீத்தைல் பூட்டுகள் குறைந்து, மஞ்சள் நிறக் குட்டிகள் அதிகமாகப் பிறந்தன. தீனியில் ஃபோலிக் அமிலமும் சேர்த்தபோது அந்த விளைவு மறைந்தது. எலிக்கு நடந்ததை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விடாதீர்கள்.

சரி, கவருக்கு வருவோம். பிஸ்பினால் ஏ அதிகம் இருப்பது கெட்டியான பாலிகார்பனேட் பாத்திரத்திலும் டப்பா உணவின் உள்பூச்சிலும்தான், கவர் செய்கிற பாலித்தீனில் அல்ல. ஆனால் மலிவான கவரில் வேறு என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது கடைக்காரருக்கே தெரியாது. சூடும் எண்ணெயும் பட்டால் அவை கூடுதலாகக் கசியும். நாளையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்து அனுப்புங்கள். இதுவரை குடித்ததை நினைத்துக் கலங்க வேண்டாம். பிஸ்பினால் ஏ உடலுக்குள் போனாலும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும்.

எனக்கு டீயைவிட மருந்தடிக்கிற வேலைதான் கவலை. சில பூச்சிக்கொல்லிகளும் பூஞ்சணக்கொல்லிகளும் ஆண் ஹார்மோனின் ஏற்பியை அடைத்துக்கொள்ளும். வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையானால் அந்த ஹார்மோன் ரொம்ப முக்கியம். அவர் தோட்டத்திலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வரட்டும். மருந்து பட்ட துணியை அவரே தனியாகத் துவைக்கட்டும், நீங்கள் தொட வேண்டாம். மருந்து டப்பா காலியானாலும் வீட்டுக்குள் வரக் கூடாது. அதைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கிற வீடுகளை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன்.