சுழல்களும் முளைகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மீக்கடத்திகளில், அதாவது போதிய அளவு குளிர்வித்தால் மின்தடையை இழக்கும் பொருள்களில், இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒன்றுக்குள் நுழையும் காந்தப்புலம் நுண்ணிய சுழல்களாகப் பிரிந்து முக்கோணப் பின்னலாக அமைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பின்னல் குலைவது பொருளின் குறைதானே? மாசற்ற படிகம் கிடைத்தால் மின்தடையே இராதல்லவா? ஒழுங்கு தவறும் நம் சமூகத்துக்கும் இதில் பாடம் இருப்பதாகத் தோன்றுகிறது. அறைவெப்பநிலை மீக்கடத்தி எப்போது வரும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. குழலுக்குள் அசையாமல் படுத்திருந்தேன். அந்தக் குழலைச் சுற்றியிருப்பது மீக்கடத்திக் கம்பியால் ஆன காந்தம்; அங்கே நினைத்துக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதைத்தான். அறைவெப்பநிலை பற்றி ஆரூடம் சொல்ல நான் ஆளில்லை. சமூகத்துக்கான பாடத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று புரியும் முன்பே அதிலிருந்து நீதியைப் பிழிந்தெடுக்கும் பழக்கம் பள்ளி ஆண்டுவிழா மேடையோடு நிற்கட்டும்.

என்னை உறுத்துவது 'குறை' என்ற சொல். ஒவ்வொரு சுழலும் 2.07 × 10⁻¹⁵ வெபர் என்ற ஒரே அளவு காந்தப்பாயத்தை, அதாவது தன் வழியே செல்லும் மொத்தக் காந்தப்புலத்தை, சுமக்கிறது, ஒன்றையொன்று விலக்குவதால் அவை இடைவெளி விட்டு நிற்கின்றன, 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலத்தில் அந்த இடைவெளி சுமார் 40 நானோமீட்டர். கம்பியில் பாயும் மின்னோட்டம் அவற்றைப் பக்கவாட்டில் தள்ளும். சுழல் நகர்ந்தால் ஆற்றல் வெப்பமாகும், மின்தடை திரும்பி வந்துவிடும். நீங்கள் கேட்கும் மாசற்ற படிகத்தில் அவற்றைப் பிடித்து நிறுத்த எதுவுமே கிடையாது. அவ்வளவு அழகான பின்னலும் மேய்ச்சலுக்குக் கிளம்பிய மந்தைபோல ஒட்டுமொத்தமாக நகர்ந்துவிடும். முளையடிக்க வேண்டும். அதற்காகவே இந்தக் காந்தங்களுக்கான நியோபியம்-டைட்டானியம் என்ற மீக்கடத்திக் கம்பியைச் செய்பவர்கள் அதை இழுத்து இழுத்து மெலியவைத்து, இடையிடையே 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பல மணிநேரம் வைத்து, உள்ளே டைட்டானியம் திட்டுத்திட்டாகப் பிரியும்படி செய்கிறார்கள். காந்தத்தைக் குளிர்வித்து வைக்கும் வெப்பநிலையில் அந்தத் திட்டுகள் மீக்கடத்துவதில்லை; ஆகவே அங்கே தங்குவது சுழலுக்கு ஆற்றல் மிச்சம். என் முதுகெலும்பைப் படமெடுத்த காந்தமே உங்கள் 'குறை'களின் தயவில் நிற்கிறது, அப்பா! இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஒழுங்கின் வடிவமே எளிதில் பிடிபடவில்லை. 1957இல் இந்தச் சுழல்கள் இருக்கும் என்று கணித்த சோவியத் இயற்பியலாளர் அப்ரிகோசோவ், கணக்கில் நேர்ந்த சிறு பிழையால், சதுரப் பின்னல்தான் சாதகமானது என்றார். 1964இல்தான் அது முக்கோணம் என்று திருத்தப்பட்டது. பின்னலின் ஆற்றலைத் தீர்மானிக்கும் ஓர் எண் உண்டு, சிறியதாக இருப்பதே சாதகம்; அது சதுரத்துக்கு 1.18, முக்கோணத்துக்கு 1.16; அவ்வளவுதான் வேறுபாடு. 1967இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் எஸ்மான், டிராய்பிள் என்ற இரு ஆய்வாளர்கள் நுண்ணிய காந்தத் துகள்களைப் படியவைத்துச் சுழல்களை நேரில் காட்டினார்கள்.

மாணவனாக இருந்தபோது அத்தகைய படமொன்றின்மீது டிரேசிங் தாளை விரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை அண்டை என்று பென்சிலால் எண்ணினேன். ஆறு, ஆறு, ஆறு என்றே வந்தது. ஓரிடத்தில் ஐந்து, அதை ஒட்டிய புள்ளிக்கு ஏழு. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று அழித்து அழித்து எண்ணி, தாள் கிழிந்த பிறகுதான் கவனித்தேன்: மேலிருந்து வந்த ஒரு வரிசை அந்த இடத்தோடு நின்றுபோயிருந்தது. நீங்களும் ஒரு படத்தை அச்செடுத்து எண்ணிவிட்டு எழுதுங்கள்.