சபான் விட்டுப்போன பையன்கள்

அன்புள்ள சார்,

அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரில் வேலை பார்க்கிறேன். இங்கே சனிக்கிழமை என்றால் கல்லூரி ஃபுட்பால்தான். நம் ஊர்க் கால்பந்து இல்லை, முட்டைப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அலபாமா அணியை 17 பருவங்கள் நடத்தி 6 தேசியப் பட்டம் வென்ற நிக் சபான் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். வாஷிங்டன் பல்கலைக்கழக அணியிலிருந்து கேலன் டிபோயர் வந்தார். முதல் வருடம் 9 வெற்றி 4 தோல்வி, அடுத்த வருடம் 11-4. "சபான் விதைத்ததை அறுக்கக்கூடத் தெரியவில்லை இவருக்கு" என்கிறார்கள் ஆபீஸில். லேரி கோக்கர் மாதிரி ஒரு சுமாரான கோச்கூட 2001இல் மயாமி பல்கலைக்கழகத்தில் முன்னவர் சேர்த்த பையன்களை வைத்தே பட்டம் ஜெயித்தாரே! பணம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதா? டிபோயருக்கு இன்னும் எத்தனை வருடம் கொடுக்கலாம்? என் மகன் பள்ளி அணியில் சேர்ந்திருக்கிறான், அவனுக்காகத்தான் நானும் ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

மகனுக்காக ஒரு ஆட்டத்தை அ, ஆவிலிருந்து படிக்கிற தகப்பனுக்கு என் அன்பு. அதற்காக, கோக்கரைச் 'சுமாரான கோச்' என்று எழுதியதை விட்டுவிட முடியாது. கேன்டீனில் காதில் விழுந்ததை அப்படியே இறக்கி வைத்திருக்கிறீர்கள். கோக்கர் கணக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் கிளறிவிட்டீர்கள்.

முதலில் முன்னவரைப் பாருங்கள். புட்ச் டேவிஸ் 1995இல் மயாமிக்கு வந்தபோது பழைய குற்றங்களுக்கான தண்டனையும் கூடவே வந்தது. ஸ்காலர்ஷிப்கள் வெட்டப்பட்டன. வேறு வழியில்லாமல் ஓட்டப்பந்தய ஸ்காலர்ஷிப்பில் வந்த சான்டானா மாஸைப் பந்து பிடிக்க வைத்தார்கள். ஆள் பற்றாக்குறை உடனே ஸ்கோரில் தெரியவில்லை, இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது: 1997இல் 5-6, அதில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 47-0. பிறகு அவர் சேர்த்த பையன்கள் வளர்ந்து 2000இல் 11-1. அந்த ஜனவரிக் கடைசியில் டேவிஸ் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். அவரிடம் 1995 முதல் ஆஃபென்ஸை, அதாவது தாக்கி ஆடும் பிரிவைக் கவனித்த கோக்கரையே கொடுங்கள் என்று கேட்டவர்கள் வீரர்கள்.

கோக்கரின் ஆறு வருடத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 12-0, 12-1, 11-2, 9-3, 9-3, 7-6. இதை ஏதோ மனுஷனுக்குப் புத்தி மழுங்கிக்கொண்டே போன மாதிரி படிக்கிறார்கள். அன்று கல்லூரி வீரனுக்கு ஐந்து வருடம், அதில் நான்கு பருவம் ஆடலாம். முதல் வருடம் பெரும்பாலும் ஓரத்தில்தான். அவன் பாரம் தாங்குவது மூன்றாம், நான்காம் வருடத்தில். கோக்கர் நிதானமாக உட்கார்ந்து சேர்த்த முதல் கூட்டம் 2002 பிப்ரவரியில் கையெழுத்திட்டது. அதற்கு மூன்றாம் பருவம் எப்போது? 2004. படி இறங்குவதும் அங்கேதான். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைப் பொறுக்கி எடுக்கிற 2004 டிராஃப்ட்டின் முதல் சுற்றில் மயாமியிலிருந்து ஆறு பேர் போனார்கள். ஆறு பேருமே 2001இலோ அதற்கு முன்போ வந்தவர்கள். 2005 டிசம்பரில் எல்எஸ்யூவிடம் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 40-3 என்று விழுந்தபோது களத்தில் நின்றவர்கள்தான் கோக்கரின் சொந்தப் பையன்கள்.

ஆகவே பட்டம் டேவிஸுடையது, சரிவு கோக்கருடையது என்று முடித்துவிடலாமா? அங்கேதான் கேன்டீன் பேச்சு அவசரப்படுகிறது. 12-0 என்பதும் கோக்கருடைய வேலைதான். நல்ல அணி கைக்கு வந்ததும் புது ஆட்டத்திட்டம், புதுச் சொற்கள், தன் பழைய ஊர் உதவியாளர்கள் என்று கலைத்துப்போட எந்தப் புதுக் கோச்சுக்கும் கை துறுதுறுக்கும். கோக்கர் பெரிதாக எதையும் தொடவில்லை. அந்த அடக்கம் லேசில் வராது. அவரைக் குறை சொல்வதானால் ஆள் சேர்ப்பில் சொல்லுங்கள், அதிலும் குறிப்பாக ஆஃபென்சிவ் லைனில், அதாவது எதிராளியைத் தடுக்கும் முன்வரிசையில். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் இடத்துக்கு, ஆள் சேர்ப்பு மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கைல் ரைட் வந்தார். முன்னால் நிற்கிற ஐவர் தள்ளப்பட்டால் நட்சத்திரம் முதுகில்தான் விழும்.

விதைத்தவர், அறுத்தவர் என்ற பேச்சு 2001க்கு ஓரளவு பொருந்தும். அன்று கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். 2024இல் நாற்று தானே எழுந்து பக்கத்து வயலுக்கு நடந்து போனது. அப்போது கோச் போனால், கல்லூரி மாற வீரர்களுக்கு 30 நாள் கதவு திறந்திருந்தது. கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட் போய் ஒரே வருடத்தில் தேசியப் பட்டம் வென்றார். ஜூலியன் சாயினும் அங்கேயே. கேடின் புராக்டர் அயோவா போய்த் திரும்பி வந்தார். டிபோயர் கைக்கு வந்தது சபானின் அணி இல்லை, அதில் மிச்சம்.

உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்கள். 22 இடத்துக்கும் முதல் ஆள், மாற்று ஆள் என 44 பெயர் கொண்ட பட்டியல் எல்லாக் கல்லூரிக்கும் கிடைக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த வருடம் வந்தான், யார் கையெழுத்து வாங்கினார் என்று எழுதுங்கள். ரயன் வில்லியம்ஸை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சபானிடம் சரி சொல்லி, அவர் ஓய்வு பெற்றதும் விலகி, பிறகு டிபோயரிடம் கையெழுத்திட்டவர். டிபோயர் கணக்கில் எழுதுங்கள். 2022இல் வந்து மூன்று வருடம் காத்திருந்து 2025இல் குவார்ட்டர்பேக் ஆன டை சிம்சன்? கண்டுபிடித்தது சபான். ஆனால் வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் போர்ட்டல் வந்துவிட்ட காலத்தில் ஒருவனைப் போகவிடாமல் வைத்திருப்பதும் பாதி ரெக்ரூட்டிங். பாதிப் பாதி போடுங்கள்.

அடுத்து, இடம் பார்த்து எடை போடுங்கள். பந்து பிடிப்பவனும் அவனை மறிக்கிற கார்னர்பேக்கும் முதல் வருடமே ஆடிவிடலாம். 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவை 41-34 என்று வென்ற ஆட்டத்தில் 17 வயது வில்லியம்ஸ் பந்தைப் பிடித்து 75 கெஜ டச்டவுன் போட்டார். கடைசியில் பந்தைப் பறித்து முடித்த ஸாபியன் பிரௌனும் அந்த வருடம் வந்தவர். லைன்மேன் அப்படியில்லை. எடை ஏற வேண்டும், ஏறிய எடையோடு காலும் நகர வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வருடம் எடைக்கூடத்தில் போகும்.

ஜார்ஜியாவை வென்ற அதே பையன்கள் அடுத்த வாரமே வாண்டர்பில்டிடம் 40-35 என்று தோற்றார்கள். ஒரே வாரத்தில் ரெக்ரூட்டிங் கெட்டுப்போகுமா? வாண்டர்பில்ட் 42 நிமிடம் பந்தை வைத்திருந்தது. பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கிற நான்கு முயற்சியில் மூன்றாவதுதான் மூன்றாவது டவுன். அப்படி வந்த 18இல் 12ஐக் கடந்தது. இது கோச்சின் பிழை. சபானையோ நட்சத்திரங்களையோ இதற்குள் இழுக்காதீர்கள்.

பணம் கெடுத்ததா என்றால், முன்பு வீரர்களுக்கு மேசைக்கு அடியில் போனது இப்போது மேசைமேல் போகிறது, அவ்வளவுதான். எத்தனை வருடம் கொடுக்கலாம் என்பதை அனுப்பிவைக்கும் செலவைத் தாங்கப்போகிறவர்கள் முடிவு செய்வார்கள்.

சபானின் முதல் இரண்டு பருவம் களத்தில் 7-6, 12-2. சேர்த்தால் 19-8. டிபோயருக்கு 20-8. இதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடிவிடாதீர்கள். தண்டனையால் இளைத்த அணியை எடுத்த சபானையும், இளைத்தாலும் அலபாமாவாகவே இருந்த அணியை எடுத்த டிபோயரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்: 2026 ஜனவரி 1 அன்று ரோஸ் பௌலில் இண்டியானாவைக் கொண்டுவந்து அலபாமாவை 38-3 என்று சாய்த்த கர்ட் சிக்னெட்டி, 2007 முதல் 2010 வரை அலபாமாவிலேயே சபானுக்கு ஆள் சேர்ப்பை ஒருங்கிணைத்தவர். சபானின் சொத்து பையன்கள் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

டிபோயர் முழுதாகத் தானே சேர்த்த முதல் கூட்டம் 2024 டிசம்பரில் கையெழுத்திட்டது. அதில் வந்த லைன்மேன்களுக்கு 2027தான் மூன்றாம் பருவம். லைனை வைத்துத் திட்டுவதானால் அதுவரை பொறுங்கள். மூன்றாவது டவுனுக்காகத் திட்டுவதானால் இந்தச் சனிக்கிழமையே திட்டலாம்.