இன்டர்வியூவுக்கு முன் எச்.ஆரிடம் கேட்டு வைக்க வேண்டியது

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேரில் இரண்டு வருடமாக பிஎச்பி (கோடிங் மொழி), மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ்) வேலை. கோவையில் மூன்று இடங்களில் இன்டர்வியூ. மூன்று வாரம் இருக்கிறது. எதைப் படிப்பது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: புத்தகத்தைத் திறக்கும் முன் மூன்று எச்.ஆருக்கும் மெயில் போடுங்கள்: எத்தனை ரவுண்டு, ஒவ்வொன்றும் என்ன வகை, எந்த மொழியில் எழுதலாம். கேட்பதில் தப்பே இல்லை. தயாரிப்பு அந்தப் பதிலைப் பொறுத்தே மாறும்.

ஆன்லைன் கோடிங் டெஸ்ட் என்றால் கேள்வியில் முதலில் உள்ளீட்டின் அளவைப் பாருங்கள். ஒரு லட்சம் எண்களில் எந்த இரண்டைக் கூட்டினால் கேட்ட தொகை வரும் என்ற கணக்குக்கு லூப்புக்குள் லூப் போட்டு ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தால் சுமார் 500 கோடி ஜோடிகள். சின்ன டெஸ்ட் கேஸ் பாஸாகி, பெரியது நேரம் தாண்டி ஃபெயிலாவது இதனால்தான். பார்த்த எண்களை அர்ரேயில் (பட்டியலில்) சாவியாகப் போட்டு, மீதித் தொகை அதில் இருக்கிறதா என்று சாவியை நேரடியாகப் பார்க்கும் 'இஸ்செட்' கொண்டு பார்த்தால் ஒரே சுற்றில் முடியும். 'இன்_அர்ரே' போட்டுவிடாதீர்கள்; அது ஒவ்வொரு முறையும் வரிசையாகத் தேடும், பழைய தாமதமே திரும்பி வரும். தினம் இரண்டு கணக்கு, தலா 40 நிமிடம். வராததை விடை பார்த்துப் புரிந்துகொண்டு, மறுநாள் பார்க்காமல் எழுதுங்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் டாஸ்க்கில் கேட்டது மட்டும் ஓடினால் போதும். எப்படி ஓட்டுவது என்று ரீட்மீயில் (கோடோடு வைக்கும் குறிப்புக் கோப்பில்) எழுதுங்கள்.

உங்கள் பலம் ப்ராஜெக்ட் பற்றிய ரவுண்டு. அதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். "ஸ்டாக் 50 பாக்ஸ். இருவர் ஒரே நொடியில் 40, 30 என்று டெஸ்பாட்ச் போட்டால்?" என்பார்கள். இருவரும் 50 என்றே படித்து, அவரவர் கழித்து எழுதினால், 30 போட்டவர் கடைசியாக எழுதும்போது 20 கணக்கில் நிற்கும். குடோனிலோ 20 பாக்ஸ் பற்றாது. ட்ரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காத வேலைத் தொகுப்பு) படிக்கும்போதே அந்த வரியைப் பூட்டும் 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டால், 40 போட்டவர் முந்தினால் இரண்டாமவர் காத்திருந்து, மீதி 10-ஐத்தான் பார்ப்பார். இன்டெக்ஸும் (டேபிளில் வேகமாகத் தேட உதவும் அட்டவணை) கேட்பார்கள்: பார்ட்டி, தேதி என்ற வரிசையில் போட்ட இன்டெக்ஸ், தேதியை மட்டும் வைத்துத் தேடினால் பொதுவாக உதவாது. தேடல் எந்த இன்டெக்ஸைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெயின்' கட்டளையை உங்கள் டேபிளிலேயே போட்டுப் பாருங்கள்.

எச்.ஆர் ரவுண்டுக்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நோட்டீஸ் எத்தனை நாள் என்று பாருங்கள். 60 நாள் இருக்கையில் "உடனே வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டால், ஆஃபர் கையில் வந்த பிறகு சேரும் தேதியில் இழுபறியாகும்.