யார்க்கின் மதில் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அடுத்த மாதம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். ஒரு நாள் யார்க் போய்வரத் திட்டம். பதினான்கு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்? அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. நகரைச் சூழ்ந்த பழைய மதில், பட்டியலில் கடைசி. நேரமிருந்தால் பத்து நிமிடம் ஏறிப் படம் எடுத்தால் போதும்தானே?

எம்.

அன்புள்ள எம்.,

போதாது. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். பதினான்கு இடங்களையும் தொட்டுவிட்டு வருவது பார்ப்பதாகாது. ஷாம்பிள்ஸ் தெருவுக்குப் போவதென்றால் கடைகள் திறக்குமுன் போங்கள். மற்றவை உங்கள் விருப்பம். மதிலை மட்டும் கடைசியில் வைக்காதீர்கள், முதலில் வையுங்கள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே நிற்பதே மதில்தான். லெண்டல் பாலத்தைக் கடந்தால் இடப்பக்கம் மியூசியம் தோட்டம். கட்டணம் கிடையாது, அம்மாவுக்கும் சிரமமிருக்காது. அங்கே பல முகங்களுள்ள ஒரு கோபுரம் நிற்கிறது. அடியிலிருந்து மெதுவாக மேலே பாருங்கள். கீழ்ப்பகுதியில் சிறிய, சீராக வெட்டிய சுண்ணாம்புக் கற்கள், நடுவே சிவப்பு ஓட்டு வரிகள். அது ரோமர் வேலை. அதற்கு மேல் கற்கள் பெரிதாகின்றன, அம்பு எய்யும் துளைகள் வருகின்றன. அது இடைக்காலம். இந்த வேறுபாடு கண்ணில் பதிந்துவிட்டால் மீதி மதிலை நீங்களே படிக்கலாம். பதியாவிட்டால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறும் கல்.

பிறகு பூத்தம் வாயிலில் ஏறி மங்க் வாயில் வரை நடங்கள். நின்று நடந்தாலும் அரை மணி நேரம் தாராளம். படிகள் குறுகல், செங்குத்து. பல இடங்களில் உட்பக்கம் கைப்பிடி கிடையாது, மழையில் கல் வழுக்கும். அம்மாவை ஏற்றாதீர்கள். தம்பியோடு அவர் கீழே மின்ஸ்டர் பேராலயத்தருகே உட்கார்ந்திருக்கட்டும்.

மேலிருந்து பார்க்கும்போது பேராலயம் மதிலுக்குக் கோணலாக நிற்பது தெரியும். காரணம் இதுதான்: கி.பி. 71-இல் ரோமர் தங்கள் கோட்டையை ஊஸ் ஆற்றை நோக்கி அமைத்தார்கள். நீங்கள் நடக்கும் பகுதி அந்தக் கோட்டையின் எல்லையை ஒட்டியது. பிற்காலத்தில், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் அதன் தலைமையகம் நின்ற இடத்தில் ஆலயம் எழுப்பியபோது கிழக்கு மேற்காகத் திருப்பிக் கட்டினார்கள். தெருக்களோ ரோமர் போட்ட போக்கிலேயே கிடக்கின்றன. பீட்டர்கேட்டும் ஸ்டோன்கேட்டும் இன்றும் ஏறக்குறைய அந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன. இதைத் தரையில் நின்று புரிந்துகொள்வது கடினம்.

மங்க் வாயிலைத் தாண்டி நடந்தால் லேயர்தார்ப் பக்கம் மதில் திடீரென அறுந்துபோகும். இடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள். இடியவில்லை. நார்மன் மன்னன் முதலாம் வில்லியம் காலத்தில் ஃபாஸ் ஆற்றை அணை கட்டி மறித்ததில் அங்கே பெரிய ஏரி தேங்கியது. தண்ணீரே காவல், மதில் தேவைப்படவில்லை. அந்த இடைவெளி முடியும் இடத்தில் நிற்பது சிவப்புக் கோபுரம், செங்கல்லால் கட்டியது. கல்தச்சர்களுக்கு அது பிடிக்காமல் தகராறு முற்றி, 1491-இல் செங்கல் வேலைக்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். கொஞ்சம் தள்ளி வாம்கேட் வாயில். இங்கிலாந்தில் நகர வாயிலொன்றின் முன்காப்பு அரண் இன்னும் நிற்பது அங்கே மட்டும்தான். மற்ற மூன்று பெரிய வாயில்களின் அரண்களை 19-ஆம் நூற்றாண்டில் நகராட்சியே இடித்தது. அதற்கும் முன்பே, 1800-இல், முழு மதிலையும் இடிக்க அனுமதி கேட்ட நகராட்சி அது! யார்க்கில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி போன்றவர்கள் எதிர்த்து நின்றார்கள். அப்படிப் போராடி மீட்டதற்குத்தான் நீங்கள் பத்து நிமிடம் ஒதுக்குகிறீர்கள்.

பழைய கோட்டை மேட்டில் நிற்கும் கிளிஃபர்ட் கோபுரத்தடியில் விளையாட்டாகப் படம் எடுக்க வேண்டாம். 1190 மார்ச்சில் அந்த மேட்டில் இருந்த மரக்கோபுரத்தில், கலவரக் கும்பலுக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த சுமார் 150 யூதர்கள் மாண்டார்கள்.

மாலையில் பேராலயத்தின் பாட்டு வழிபாட்டுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அன்றைய நேரத்தைக் காலையிலேயே கேட்டு வையுங்கள். மதில் வாயில்களை இருட்டும் வேளையில் பூட்டிவிடுவார்கள், தரை உறைந்திருந்தால் திறக்கவே மாட்டார்கள். ஆகவே முற்பகலிலேயே ஏறிவிடுங்கள்.