ஆடு இருந்ததற்கு என்ன சான்று?

அன்புள்ள ஐயா,

கஜா புயல் சமயத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். என் பெயர் வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக, அதாவது வி.ஏ.ஓ.வாக இருக்கிறேன். குரூப் 4 எழுதி வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில் 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தது. சாத்தனூர் அணையில் நள்ளிரவில் தண்ணீர் திறந்துவிட்டு, டிசம்பர் 2ஆம் தேதி விடிவதற்குள் எங்கள் ஊர் ஆற்றோரத் தெரு மூழ்கிவிட்டது. இரண்டு ராத்திரி பள்ளிக்கூட முகாமிலேயே இருந்தேன். அது எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் வந்த நிவாரணக் கணக்கெடுப்புதான் என்னை உடைத்துவிட்டது. எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எது குடிசை, எது ஓட்டு வீடு என்று கேட்டு எழுதும்போதே சண்டை. ஒரு பெண் என் மேல் சேற்றை அள்ளி வீசினார். அதைக்கூட மறந்துவிட்டேன். ஒரு பெரியவருக்கு மூன்று ஆடுகள் வெள்ளத்தில் போய்விட்டன. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லை, அறிக்கை இல்லாமல் எழுதினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வாய் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னார்கள். எழுதவில்லை. அவர் கத்தவில்லை. "நீ எழுதலன்னா எனக்கு ஆடே இருந்ததில்லன்னு ஆயிடுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். இன்னும் தூக்கத்தில் கேட்கிறது. வேறு தேர்வு எழுதி மேசை வேலைக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது. சொல்லுங்கள் ஐயா.

*

அன்புள்ள அம்மா,

வேலையை விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வருகிறது.

அந்தப் பெரியவர் கேட்டதை நான் முப்பது வருஷத்தில் பல வாய்களில் கேட்டிருக்கிறேன், ஆனால் இவ்வளவு சரியாக யாரும் கேட்டதில்லை. நிவாரணம் என்றால் அரிசி மூட்டை, போர்வை, படகு என்றுதான் டிவியில் காட்டுவார்கள். அதெல்லாம் ஒரு வாரம். அதற்கப்புறம் வரும் ஆறு மாதமும் ஒரே வேலைதான்: ஒருவரிடம் என்ன இருந்தது, அதில் என்ன போயிற்று என்று எழுதுவது. நீங்கள் எழுதியதுதான் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) மேசைக்கும் தாசில்தார் மேசைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போகிறது. அதற்கு மேலே இருக்கிற யாரும் அந்த ஆட்டைப் பார்க்கப் போவதில்லை. சுனாமி என்றால் அப்போதைய கலெக்டர்கள் பெயர் இன்றைக்கும் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் நாகப்பட்டினத்தில் பிணங்களை அடையாளம் காட்டச் சொல்லி, பெயரும் தகப்பன் பெயரும் கேட்டு எழுதிய வி.ஏ.ஓ.க்களும் தலையாரிகளும் யார் என்று எவருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது அவர்கள் எழுதிய காகிதத்தின் மேல்தான்.

என் கதையைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நான் தஞ்சை மாவட்டத்தின் தென்னைப் பகுதியில் துணை வட்டாட்சியர். விடிந்து வெளியே வந்தால் திசையே தெரியவில்லை. அடையாளத்துக்கு வைத்திருந்த மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தன என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செல்போன் செத்துவிட்டது, ரோட்டில் ஜீப் போகாது என்பதுதான். அரசு, விழுந்த தென்னைக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. மரத்துக்கு 1,100. ஆக, மரத்தை எண்ண வேண்டும்.

எண்ணுவது சுலபம் என்று நினைப்பீர்கள். தோப்புக்குள் மரங்கள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். மட்டையும் குலையும் சேறும் கலந்து எது எந்த மரத்தின் அடி என்றே தெரியாது. எண்ணியதையே மறுபடி எண்ணாமல் இருக்க அடிமரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனோம். மூன்று நாளில் நல்ல வேகம் பிடித்துவிட்டது, எனக்கே என் மேல் திருப்தி.

நாலாவது நாள் ஒரு தோப்பில், புருஷன் இறந்துபோன ஒரு அம்மா எங்களுக்கு முன்னால் தானே எண்ணி வைத்திருந்தார். விழுந்த மரம் தொண்ணூற்று நாலு. எங்கள் கணக்கும் அதேதான். நான் எழுதிக்கொண்டு கிளம்பும்போது, "அந்தத் துணி கட்டின மரத்தை எழுதலயா சார்?" என்றார். அப்போதுதான் பார்த்தேன், நின்றுகொண்டிருந்த மரங்களில் இருபத்து மூன்றில் பழைய புடவைக் கிழிசல் கட்டியிருந்தது. நிற்கிற மரத்துக்கு என்னம்மா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, காற்றில் சாய்ந்து கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்திருந்த ஒரு மரத்தின் குருத்தைப் பிடித்து இழுத்தார். சீலையிலிருந்து நூல் உருவுவதுபோல் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பாகி, அழுகின வாடை அடித்தது. புயல் தலையை முறுக்கிவிட்டது. மரம் நிற்கிறது, ஆனால் செத்துப்போய் நிற்கிறது.

எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. விழுந்தவை என்று ஒரு கட்டம், முறிந்தவை என்று ஒரு கட்டம். மறுநாள் தோட்டக்கலை அலுவலரைக் கூட்டிக்கொண்டு போய், குருத்து அழுகல், மரம் பிழைக்காது என்று அவர் கையெழுத்தில் குறிப்பு வாங்கி, முறிந்தவையில் சேர்த்து அனுப்பினேன். அவருக்கு இருபத்து மூன்று மரத்துக்கும் பணம் வந்தது. நான் உங்களிடம் சொல்ல வந்தது அது இல்லை அம்மா. அதற்கு முந்தைய மூன்று நாளில் நான் எண்ணிய தோப்புகளில் ஒரு இடத்தில்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தப் பட்டியல்கள் மேலே போய்விட்டன. சிலவற்றைத் திரும்ப வாங்கித் திருத்தினேன், சிலவற்றைத் திருத்த முடியவில்லை. ஆறேழு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது சில தோப்புகளில் தலையில்லாத மரங்கள் வரிசையாக நின்றன. அந்த வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடத்தான் செய்தார்கள். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும்.

நீங்கள் தூங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களை இந்த வேலைக்கு லாயக்கில்லாதவர் ஆக்கவில்லை. நன்றாகத் தூங்கியவர்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன், அவர்கள் பட்டியலைத்தான் நான் இரண்டு தடவை சரிபார்ப்பேன்.

சரி, ஆட்டுக்கு வருவோம். ஃபெஞ்சலில் ஆட்டுக்கு 4,000, மாட்டுக்கு 37,500, கோழிக்கு 100 என்று அறிவித்தார்கள். அவருக்கு மூன்று ஆட்டுக்கு 12,000 வந்திருக்க வேண்டும். தணிக்கைப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பொய்யாக நிவாரணம் கோரினால் இரண்டு வருஷம் வரை சிறை என்று 2005ஆம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே இருக்கிறது, இல்லாத மாட்டுக்குப் பணம் வாங்கியவர்களையும் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களுக்குச் சொன்னவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை ஒரு சான்று, அது ஒன்றே சான்று இல்லை. ஆற்றில் அடித்துக்கொண்டு போன ஆட்டுக்கு உடல் எங்கிருந்து வரும்? நான் என்ன செய்வேன் என்றால், பட்டியைப் போய்ப் பார்ப்பேன். அறுந்த கயிறு, தீவனத் தொட்டி, புழுக்கை, சுவரில் தண்ணீர் ஏறிய கோடு, எல்லாவற்றையும் போட்டோ எடுப்பேன். கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட பதிவில் அவர் பெயர் இருக்கிறதா என்று கேட்பேன். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர், அதிலும் அவருக்குச் சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர், தலையாரி, முடிந்தால் கால்நடை மருத்துவர், இவ்வளவு பேர் கையெழுத்தோடு ஒரு பஞ்சநாமா, அதாவது நேரில் பார்த்ததைச் சாட்சிகளோடு பதிவு செய்யும் அறிக்கை எழுதி, "உடல் கிடைக்கவில்லை" என்று மறைக்காமல் முதல் வரியிலேயே சொல்லி மேலே அனுப்புவேன். இப்படி நான் அனுப்பியதில் ஒன்று பாஸ் ஆனது, ஒன்று திரும்பி வந்தது. திரும்பி வந்ததும் வீண் இல்லை. அந்த மனிதருக்கு நான் காட்ட ஒரு காகிதம் இருந்தது: உன்னிடம் ஆடு இருந்தது என்று நான் எழுதினேன், மேலே ஒத்துக்கொள்ளவில்லை, இதோ நகல், நீ மேல்முறையீடு செய் என்று சொல்ல முடிந்தது. நீங்கள் எழுதாமல் விட்டபோது அவருக்குக் கிடைக்காமல் போனது பணம் மட்டும் இல்லை, அதைத்தான் அவர் உங்களிடம் கேட்டிருக்கிறார்.

பயிருக்கும் இதே கதைதான், ஆனால் அது இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. நெல் 33 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் ஹெக்டேருக்கு 17,000 என்று ஃபெஞ்சலில் அறிவித்தார்கள். 2015க்கு முன்னால் பாதிப் பயிர் போயிருக்க வேண்டும் என்று இருந்ததைக் குறைத்தார்கள், அது பெரிய விஷயம். ஆனாலும் ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வரவில்லை. நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, உரம் போட்டவனுக்கு அது எந்த மூலைக்கு? அதனால் இதை நஷ்டஈடு என்று ஊரில் சொல்லாதீர்கள். அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்க அரசு தரும் உதவி, அவ்வளவுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டுக் கடைசியில் திட்டு வாங்குவதில் பாதி நாமே தேடிக்கொள்வதுதான். அப்புறம், வரப்பில் நின்று சதவீதம் போடாதீர்கள். வரப்பிலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாக நிற்கும். உள்ளே இறங்கி நாலு இடத்தில் கதிரை உருவிப் பார்த்தால்தான் பதரா, முளை விட்டதா என்று தெரியும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்குகிற வி.ஏ.ஓ.வை ஊர் மறக்காது.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியம் அடங்கல், அதாவது எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று வருஷாவருஷம் நீங்கள் எழுதும் பதிவேடு. பட்டா யார் பெயரிலோ இருக்கும், உழுவது வேறொருவர். வாய்மொழிக் குத்தகை, கோயில் நிலம், அண்ணன் தம்பி நாலு பேருக்குக் கூட்டுப் பட்டா, நான் சொன்ன தென்னந்தோப்பு அம்மாவைப்போல மாமனார் பெயரிலேயே கிடக்கிற பட்டா. சும்மா இருக்கிற மாதங்களில் நீங்கள் வயலுக்குப் போகாமல் போன வருஷ அடங்கலைப் பார்த்து இந்த வருஷத்துக்கு எழுதிவிட்டால், புயல் வந்த பிறகு அந்தக் குத்தகைக்காரருக்கு நீங்கள் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பணம் பட்டாதாரருக்குப் போய்விடும், அவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். சாகுபடி செய்பவர் பெயரை அடங்கலில் ஏற்றப் போனால் நிலச் சொந்தக்காரர்கள் உங்களோடு மல்லுக்கு நிற்பார்கள், குத்தகைப் பாத்தியம் வந்துவிடும் என்று பயப்படுவார்கள். ஆர்.ஐ.யைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். எல்லா இடத்திலும் ஜெயிக்க மாட்டீர்கள். பத்தில் நாலு பெயர் ஏறினாலும் நாலு குடும்பம்.

சேறு வீசிய பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கஜாவுக்கு மறுநாள் புதுக்கோட்டை கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்களைக் கொளுத்தினார்கள். எங்கள் பக்கமும் மறியல், என் ஜீப்பை மூன்று மணி நேரம் விடவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வீட்டுக்கூரை பறந்து, குழந்தைக்குப் பால் இல்லாமல், இருட்டில் இரண்டு நாள் இருந்தவருக்கு அரசு என்றால் யார்? கோட்டை அவருக்கு எட்டாது. அவர் தெருவுக்கு நடந்து வந்தது நீங்கள் ஒருவர்தான். அதனால் சேறு உங்கள் மேல் விழுந்தது. இதற்காக அடிக்குப் பயப்படாமல் இருங்கள் என்று சொல்ல மாட்டேன். தனியாகப் போகாதீர்கள், தலையாரியும் ஊரில் மதிப்புள்ள ஒரு பெண்ணும் கூட இருக்கட்டும், கூட்டம் சூடானால் நோட்டை மூடிவிட்டுக் கிளம்புங்கள், மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி போங்கள். மறுநாள் போவதுதான் முக்கியம்.

மேசை வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேர்வு எழுதுங்கள், மேலே வாருங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்தப் பெரியவரிடமிருந்து தப்பிக்க எழுதாதீர்கள், நீங்கள் எந்த மேசைக்குப் போனாலும் அவர் ஒரு கோப்பாக வந்து சேருவார், அப்போது அவர் முகம் உங்களுக்குத் தெரியாது.

இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். பணம் வரும் என்று சொல்லாதீர்கள், காலம் கடந்துவிட்டது, வராமலும் போகலாம். ஆடுகள் என்ன நிறம், எத்தனை பல், குட்டி போட்டிருந்ததா என்று கேட்டு அவர் எதிரிலேயே எழுதுங்கள். சாட்சிக் கையெழுத்து வாங்கி, ஒரு மனுவாகத் தாசில்தாருக்கு அனுப்பி, அனுப்பிய தேதியும் எண்ணும் போட்ட நகலை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.