நம்ம ஊர் லைசென்ஸும் டர்பன் ரோடும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய லைசென்ஸை வைத்து ஓட்டுவது பற்றி, கோயில் வாசலிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பிடித்து நிறுத்திக் கேட்ட கேள்விகளே இந்த முறை அதிகம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கோயில் பணிக்காக வேலை விசாவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த் வந்து ஏழு மாதம் ஆகிறது. தமிழ்நாட்டு லைசென்ஸ் வைத்திருக்கிறேன். இதை உடனே தென்னாப்பிரிக்க லைசென்ஸாக மாற்றியாக வேண்டும் என்று ஒருவர் 3,000 ராண்ட் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் சாமி. தற்காலிக விசாவில் இருக்கும்வரை சொந்த நாட்டு லைசென்ஸை வைத்தே ஓட்டலாம். அது காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். உங்கள் படமும் கையெழுத்தும் இருக்க வேண்டும். இந்நாட்டு ஆட்சிமொழிகளில் ஒன்றில் இருக்க வேண்டும். நம் கார்டு ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிச் சிக்கல் இல்லை. ஆனால் கார்டை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். பர்ஸில் உரசி உரசிக் கையெழுத்து அழிந்துபோன கார்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். சோதனைக்கு நிறுத்தும் போலீஸ்காரருக்கு அது போதும், கால் மணி நேரம் பேச.

கூடவே சர்வதேச ஓட்டுநர் பர்மிட் இருந்தால் நிம்மதி. அதை இந்திய ஆர்.டி.ஓ.தான் தருவார்; ஒரு வருஷம் செல்லும். இங்கே யாராவது ‘இந்திய பர்மிட் போட்டுத் தருகிறேன்’ என்றால் நம்பாதீர்கள்.

பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. பழைய இந்திய லைசென்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தப்பா?

இன்னும் தப்பில்லை. நாலு மாதம் கழித்துத் தப்பு. நிரந்தர வசிப்புரிமை கிடைத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மாற்றிவிட வேண்டும். லைசென்ஸில் 2035 வரை தேதி போட்டிருக்கிறதே என்று பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். இங்கே பார்ப்பது உங்கள் பி.ஆர். தேதியை.

ஓட்டுநர் தேர்வு மையத்தில் டி.எல்.1 படிவம், அடையாள ஆவணம், படங்கள், கண் பரிசோதனை, கைரேகை எல்லாம் ஒரு நாள் வேலை. இழுத்தடிப்பது ஒன்றே ஒன்று: உங்கள் லைசென்ஸ் உண்மையானது, இன்ன வகை வண்டிக்கு உரியது என்று சொல்லும் உறுதிக் கடிதம். டர்பனிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. நாளைக்கே போய்க் கேளுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும், வண்டி வகை விடுபட்டிருந்தாலும் கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள்.

வருஷம் தாண்டிவிட்டால் நம்ம ஊரில் எல்.எல்.ஆர். என்போமே, அதிலிருந்து தொடங்க வேண்டும். அப்புறம் கே53 என்னும் இந்நாட்டு ஓட்டுநர் தேர்வு. மதுரையில் பல வருஷம் ஓட்டியவன் என்ற மிதப்பில் நான் போனேன். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். கிளட்ச் ஒரு நொடி பிசகி, நாலு விரற்கடை பின்னால் நகர்ந்தது. தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார். ரோட்டுக்கே போகாமல் வீட்டுக்கு வந்தேன். அந்தத் தேர்வில் வண்டி பின்னால் உருண்டால் அவ்வளவுதான், பேச்சே கிடையாது.

என் இந்திய லைசென்ஸ் இந்த டிசம்பரில் முடிகிறது. ஊருக்குப் போவது அடுத்த வருஷம்தான். இடையில் ஓட்டலாமா?

கூடாது. காலாவதியான லைசென்ஸை இங்கே லைசென்ஸாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விபத்து என்று போனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான். இந்தியச் சட்டப்படி முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் வரையும் மறுதேர்வு இல்லாமல் புதுப்பிக்கலாம். இந்திய அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கிப் பாருங்கள். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்றிதழும் வேண்டும். அதுவரை பஸ், இல்லை நண்பர் கார்.

மாமனார் மூன்று மாதம் வருகிறார். கார் ஓட்டுவேன் என்று அடம்.

லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் ஓட்டட்டும். இடப்பக்கம்தான், நம்ம ஊர் மாதிரியே. உங்கள் கார் பாலிசியில் அவர் ஓட்ட இடமிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ‘ரோபோ’ என்றால் சிக்னல் என்றும், நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கும் சந்திப்பில் முதலில் வந்து நின்றவர்தான் முதலில் போக வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். ஹாரன் அடித்து வழி வாங்கும் பழக்கம் இங்கே எடுபடாது.

ஆப் டாக்ஸி ஓட்டலாம் என்று யோசிக்கிறேன். இந்திய லைசென்ஸ் போதுமா தம்பி?

போதாது அண்ணா. காசு வாங்கி ஆள் ஏற்றினால் தொழில்முறை ஓட்டுநர் பர்மிட் வேண்டும். அது தென்னாப்பிரிக்க லைசென்ஸ் கார்டிலேயே பதிவாகும். ஆக, முதலில் கார்டு. பயணிகளை ஏற்ற 21 வயது ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். போலீஸ் பதிவும் பார்ப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குடி விஷயத்தில் அளவும் கடுமை: மற்றவர்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் என்றால், பர்மிட்காரருக்கு 0.02.

கைரேகை கொடுத்து இரண்டு மாதம். கார்டு வரவில்லை.

நாடு முழுவதுக்கும் கார்டு அச்சடிக்க இருந்தது ஒரே ஒரு இயந்திரம். 2025 தொடக்கத்தில் அதுவும் படுத்துவிட்டது. லட்சக்கணக்கில் கார்டுகள் தேங்கின. காத்திருக்கும்போது தற்காலிக லைசென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், ஆறு மாதம் செல்லும். காகிதம்தான், மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.